கையில் என்ன இருக்கும்?

புது பிளக்ஸின் வாசனை மூக்கோடு நிற்காது, நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கியது மாதிரி ஒரு வாடை. போன வாரம் நல்லம்பள்ளியில் பேருந்துக்கு நின்றிருந்தேன். யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ இரண்டு பேர் சவுக்குச் சட்டத்தில் பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மை இன்னும் முழுசாகக் காயவில்லை. காற்று என் பக்கம் திரும்பியது. கடத்தூர் பிளக்ஸ் கடையின் பின்னறை அப்படியே எழுந்து வந்து நின்றது. சத்தம் போடும் பழைய மின்விசிறி, தூசி படிந்த கம்ப்யூட்டர், அதன் முன்னால் நாற்காலி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து டிசைன் போடும் அந்தப் பெண். நான் ஏற வேண்டிய பேருந்து வந்ததும் போனதும் தெரியவில்லை.

"அவங்க கையில எப்பவும் என்னங்க இருக்கும்?"

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயர், தோற்றம், மறைவு, பேரன் பேத்திகள் பட்டியல் எல்லாவற்றோடும் தயாராக வந்திருப்பார்கள். போட்டோ வாட்ஸப்பில் வந்து விழுந்திருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் தயாராக வந்ததில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள்.

ஒருமுறை ஒரு ஆயா இறந்துபோய் அதன் இரண்டு மகன்களும் வந்தார்கள். கேள்வியைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர், "துடைப்பம்?" என்றார் சந்தேகமாக. சின்னவர், "அதெல்லாம் அந்தக் காலம்" என்றார். வாசலில் செருப்போடு நின்றிருந்த மருமகள்தான் எட்டிப் பார்த்து, "ரிமோட்டுங்க" என்றாள்.

கடை முதலாளிகூட சிரித்துவிட்டார். அந்த மருமகளும் சிரித்தாள். "நெசமாத்தாங்க. இவரு கிரிக்கெட்டும்பாரு, அவரு நியூஸும்பாரு. ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்கன்னு ரிமோட்ட மடியிலயே வெச்சுக்கும். தூங்கறப்பகூட வுடாது."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. பேனரில் அந்த ஆயாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்தாள். வேல் பிடித்த மாதிரி பிடித்திருந்தது கிழவி. இந்தப் பக்கம் ஒரு மகன், அந்தப் பக்கம் ஒரு மகன், நடுவில் ஆயா. சாவு வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் பிறகு ஓவென்று அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கும் அந்தக் கடைக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்: அஞ்சலிப் படங்களுக்குக் கீழே வரும் நாலு வரியை நான் எழுதித் தருவேன். கவிதை என்று நான் நினைத்துக்கொண்டு எழுதியவற்றை யாரும் கேட்கவில்லை. இதைக் கேட்டார்கள். வானம், விளக்கு, ஆலமரம், ஈரம் காயாத நினைவு என்று சொற்களை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தட்டச்சு செய்தபடியே சொல்வாள்: "உங்க வரிக்கு ஆளே வேணாங்கண்ணா. யாரு செத்தாலும் ஒட்டிக்கும்."

"நல்லதுதானே."

"ஸ்டிக்கருக்கு நல்லதுங்க."

சித்தேரி மலையில் அவள் ஊர். சாமையும் ராகியும் விளைகிற மேட்டுக்காட்டுக் குடும்பம். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் வேடியப்பன். கோயில் என்றதும் கோபுரம் தேட வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கருத்தது. கல்லில் மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் ஒருவன் வில்லை வளைத்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மாடுகள். உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. நடு அடுக்கில் இரண்டு தேவலோகப் பெண்கள் அவனைக் கைத்தாங்கலாக மேலே அழைத்துப் போகிறார்கள். மேல் அடுக்கில், எல்லாம் முடிந்து, உட்கார்ந்திருக்கிறான். ஊர் மாட்டை ஓட்டிப்போக வந்தவர்களை மறித்துச் செத்த யாரோ ஒருவன். பெயர் உதிர்ந்து சாமியாகிவிட்டான்.

"மேல போயி உக்காந்தும் வில்லு கையிலதான் இருக்குது பாருங்க" என்பாள். அவள் செல்போனில் அந்தக் கல்லின் படம் எப்போதும் இருக்கும். "செத்தவங்கள சும்மா நிக்க வெக்கக் கூடாதுங்க. கையி வெறுமனே தொங்குனா அது போட்டோ. எதையாச்சும் புடிச்சிருந்தாத்தான் ஆளு."

அந்த மூன்று அடுக்கைத்தான் அவள் பிளக்ஸுக்குக் கொண்டுவந்தாள். கீழே அந்த ஆள் எப்படி வாழ்ந்தாரோ அது. நடுவே பயணம். மேலே, கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருப்பது. ஆனால் நடு அடுக்கில் அந்தப் பெண்கள் வரவில்லை. அங்கே அவள் ஒரு பேருந்தை அனுப்பினாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் மலைப் பேருந்து, சன்னல் ஓரத்தில் இறந்தவர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி போவார்.

வண்டி என்றால் அவளுக்கு உயிர். கடைக்குள் உட்கார்ந்தபடியே ஹாரன் சத்தத்தை வைத்து எந்த பஸ் வருகிறது, இன்றைக்கு எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவாள். முகத்தைக்கூட மென்பொருளில் மெருகேற்றி விட்டுவிடுவாள். சக்கரம் மட்டும் கையால்தான் வரைவாள், நட்டு நட்டாக, டயரின் பட்டன் பட்டனாக.

முதலாளி பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, மேகம், புறா, ரோசாப்பூ. மூணையும் போட்டு அனுப்பும்மா. மத்தியானம் பொணத்தை எடுக்கறாங்க, நீ டயருக்குக் காத்து அடிச்சுக்கினு இருக்க."

"பஞ்சர் வண்டியில அனுப்பச் சொல்றீங்களா முதலாளி?"

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். மலைக்கு பஸ் வந்த புதிதில் அவளுக்குச் சின்ன வயசு. சாயங்காலம் காட்டு வேலை முடிந்ததும் அவள் அப்பா தார் ரோடு வரைக்கும் அவளை நடத்திக் கூட்டிப்போவார். "ஏறதுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு. வளைவுல மூஞ்சி தெரியும், அப்புறம் உடம்பு தெரியும், அப்புறம் சர்ருனு போயிடும். ரெண்டு பேரும் நின்னு பாத்துட்டு, திரும்பி வரப்ப வேடியப்பனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வூட்டுக்கு வருவோம். அவ்ளோதாங்க எங்க டூரு." ஒரே நடையில் அந்தக் கல்லும் அந்த பஸ்ஸும் இருந்திருக்கின்றன. அவள் படங்களில் இரண்டும் ஏன் பிரிக்க முடியாமல் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு லாரி டிரைவர் இறந்தார்.

அதியமான்கோட்டைக்காரர். மனைவியும் மைத்துனரும் வந்திருந்தார்கள். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மா கண்ணை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு சீறியது: "ஸ்டியரிங்குதான்! வேற எதப் புடிச்சாரு மனுசன்? பொண்டாட்டியப் புடிச்சாரா, புள்ளையப் புடிச்சாரா?"

மைத்துனர்தான் மெதுவாகச் சொன்னார். பெரிய ரோட்டில் இறக்கத்தில் வரும்போது நெஞ்சு வலி. வண்டி நிறைய லோடு. இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாய்ந்திருக்கிறார். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை.

அவள் நாற்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலாளி அன்றைக்கு மேகம், புறா என்று வாயைத் திறக்கவில்லை. கீழ் அடுக்கில் டிரைவர் ஸ்டியரிங்கை வில் மாதிரி வளைத்துப் பிடித்து நின்றார். கல்லில் மாடுகள் இருக்கும் இடத்தில், அவர் முதுகுக்குப் பின்னால், கார்கள், ஒரு மினி பஸ், ஸ்கூட்டரில் அப்பா அம்மா குழந்தை. நடு அடுக்கில் அவருடைய லாரியே மேலே ஏறியது. நான் எழுதிக் கொடுத்த நாலு வரியைப் படித்துவிட்டு, "இதுக்கு வேணாங்கண்ணா" என்று தள்ளி வைத்தாள். அவள் சொன்னது சரி.

நெடுஞ்சாலை ஓரம் வேப்பமரத்தில் அதைக் கட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் பேனரைக் கழற்றிவிடுவது வழக்கம். இதைக் கழற்ற முடியவில்லை. முதலில் அந்த மனைவி கற்பூரம் ஏற்றியிருக்கிறாள். கூட வண்டி ஓட்டியவர்கள் மாலை போட்டார்கள். பிறகு யாரென்றே தெரியாத லாரிக்காரர்கள் நிறுத்தி இறங்க ஆரம்பித்தார்கள். தூரத்திலிருந்து மூன்று அடுக்கைப் பார்த்ததும் ரோட்டோர வேடியப்பன் என்றே நினைத்துவிட்டார்கள். ஸ்டியரிங் மேல் மஞ்சள் அப்பியிருந்தது. புது வண்டி எடுத்தவர்கள் டயருக்கு வைக்கும் எலுமிச்சம்பழத்தை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ சட்டத்தின் மேலேயே தேங்காயை உடைத்ததில் ஒரு மூலை சாய்ந்தது. கற்பூரத்தில் படத்துக் கார் ஒன்று கருகிப்போனது.

நானும் அவளும் பார்க்கப் போனோம். அவள் ரோட்டைக் கடக்காமல் எதிர்ப்பக்கமே நின்றாள். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் எங்களை பக்தர்கள் என்று நினைத்து விவரம் சொன்னார்: "சக்தியுள்ள சாமிங்க. பேனரைக் கழட்ட வந்த ஆளே கும்புட்டுட்டுப் போயிட்டாரு."

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. பிறகு அது சிரிப்பா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "நான் பண்ணதுங்கண்ணா அது. கம்ப்யூட்டர்ல பண்ணதுங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செய்தி மலை ஏறிவிட்டது. அடுத்த சில வாரங்களில் அவளுடைய பெரியப்பா கடைக்கு வந்தார், ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேருடன். வெள்ளைத் துண்டு, நிமிர்ந்த உடம்பு. வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கும் முறை அவர் குடும்பத்துடையது. சத்தம் போடுவார் என்று பயந்தேன். நாற்காலி நுனியில் அடக்கமாக உட்கார்ந்தார்.

"அந்த டிரைவர் படத்தைப் பாத்துட்டுத்தான் வரேன். கதையும் கேட்டேன். மறிச்சு நின்னு செத்திருக்கான். அவனுக்குச் செஞ்சது சரி. நானும் கும்புட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது.

"ஆனா டிவி பாத்துக்கினு செத்த கெழவிக்கும் அதே அடுக்குன்னு சொல்றாங்களே, அது என்ன புள்ள?"

"அந்த ஆயாவும் மறிச்சுத்தான் பெரியப்பா நின்னுச்சு. ரெண்டு மவனுங்க அடிச்சுக்காம."

கூட வந்தவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்து, பெரியவர் திரும்பியதும் இருமினார்.

"நோவுல படுத்துச் செத்தவங்களுக்கு நம்மூர்ல அந்தக் கல்லு நட்டதில்ல. தெரியுமில்ல? எங்கப்பனுக்கு இல்ல. நாளைக்கு எனக்கும் கெடையாது. வருவோர் போவோருக்கெல்லாம் குடுத்துட்டா, நெஞ்சக் காட்டி நின்னானே, அவனுக்கு என்னம்மா மிச்சம்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போகும்போது ஒரு மஞ்சள் பையை மேசை மேல் வைத்தார். "உங்கப்பன் சாமை குடுத்தனுப்புனான். நேரத்துக்குச் சாப்பிடறியா? எளைச்சுப் போயிட்ட."

அவர் போன பிறகு வெகுநேரம் அந்தப் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவரு கேக்கறதும் சரிதானுங்களே" என்றாள். ஆனாலும் மறுநாள் ஒரு தையல்காரர் இறந்தபோது, அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

மழைக்காலத்தில் அவள் அப்பா இறந்தார். நுரையீரலில் சளி கட்டி, தருமபுரி ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, விடியற்காலையில் போய்விட்டார். உடம்பை மலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னால் வருகிறேன் என்று சொல்லி, அவள் கடத்தூருக்கு வந்தாள். முதலாளி ஓடிவந்து கடையைத் திறந்தார். நான் போனபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தலை வாரவில்லை. அழவும் இல்லை.

கீழ் அடுக்கை வரைந்துகொண்டிருந்தாள். மேட்டுக்காடு வந்தது. சாமைக் கதிர் வந்தது. தலையில் துண்டு கட்டிய மனிதர் வந்தார். பின்னால், மாடுகளின் இடத்தில், வளைவு திரும்பும் ஒரு பஸ்ஸின் முகம் வந்தது. கை மட்டும் பாக்கி. வலது கையை நீட்டி வரைந்துவிட்டு, அதில் எதையும் வைக்காமல் மவுஸைப் பிடித்தபடி இருந்தாள்.

அப்போது பெரியப்பாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கெளம்பிட்டியா?"

"பேனர் அடிச்சு எடுத்துக்கினு வரேன் பெரியப்பா."

அந்தப் பக்கம் பறைச்சத்தம் தூரத்தில் கேட்டது. "எப்பிடி அடிக்கற?"

அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேணாம்மா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல போனவன். நீ அந்த அடுக்கைக் கட்டுனா ஒருத்தரும் காரியத்துக்கு வரமாட்டோம்னு ஊர்ல பேசிட்டாங்க. நீ கீழ போயிடுவ. உங்காத்தா இங்கதான இருக்கணும்? இந்தத் தண்ணியத்தான எடுக்கணும்? அவன் என் தம்பிம்மா. எனக்கு வலிக்காதா?"

போன் நின்றது. முதலாளிதான் முதலில் பேசினார். மேகம், புறா என்று தினமும் பாட்டுப் பாடிய அதே மனிதர். "நீ உன் மாதிரியே அடிம்மா. நான் காரெடுத்துக்கினு கூட வரேன். நான் பேசறேன் அவங்க கிட்ட."

"வேணாங்க முதலாளி. ஆத்தா தனியா இருக்குது." அவள் திரையைப் பார்த்தபடி சொன்னாள். "நேரமும் இல்ல. எடுத்துருவாங்க."

ஒவ்வொன்றாக அழித்தாள். பஸ் போனது, காடு போனது. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் போட்டாள். மார்போடு வெட்டப்பட்ட படம், அதில் கையே கிடையாது. சுற்றி மேகம். இரண்டு மூலையில் புறா. கீழே ரோசாப்பூ. பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"யாருக்கும் ஒட்டற மாதிரி ஒரு வரி குடுங்கண்ணா."

கொடுத்தேன். வானம் என்றோ விளக்கு என்றோ ஏதோ. இயந்திரம் அதை வரி வரியாக இழுத்துத் துப்பியது. ஈர மையோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு முதலாளியின் காரில் மலை ஏறினாள்.

ஊரே காரியத்துக்கு வந்ததாம். எல்லாம் முறையாக நடந்ததாம்.

திரும்பி வந்த பிறகு அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மேகம், புறா, ரோசாப்பூ. டீ ஆறுவதற்குள் பேனர் தயார். "அந்த மூணு அடுக்குப் படம் போடுவீங்களாமே" என்று தேடி வந்தவர்களிடம், "இப்ப அது போடறதில்லீங்க" என்பாள், சீசன் முடிந்த மாம்பழத்தைப் பற்றிச் சொல்வது போல. அதியமான்கோட்டையில் டிரைவர் படம் வெயிலில் வெளுத்துக்கொண்டே போனது. அந்த மனைவி புதிதாக ஒன்று அடித்துத் தரச் சொல்லி நேரில் வந்து நின்றாள். "பைல் அழிஞ்சிருச்சுங்கம்மா" என்றாள் இவள். அது கணினியில் இருந்தது. முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அம்மா போன பிறகு முதலாளி கல்லாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் வேலை முடிகிறதே என்று அவர் ஒருநாளும் சந்தோஷப்படவில்லை.

ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாக தை மாதம் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஒரு பட்டனை அமுக்கணுமாங்க" என்றாள்.

வழியனுப்ப கடத்தூர் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு தோள் பை, ஒரு கட்டைப்பை, அவ்வளவுதான் சாமான். வெயில் ஏறிவிட்டிருந்தது. வளைவுக்கு அப்பால் ஹாரன் கேட்டதும் அவள் தலை தானாகத் திரும்பியது. "தருமபுரி வண்டி. புது டிரைவரு" என்றாள். பஸ் வந்து நின்றதும் பழக்கத்தில் குனிந்து டயரைப் பார்த்தாள். ஏறி சன்னலோரம் உட்கார்ந்தாள். அப்படி ஒரு சன்னலோரத்தில் எத்தனை பேரை உட்கார வைத்து அனுப்பியிருப்பாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். அவ்வளவு காலமும் வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் கேட்டதை, அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரையில் நீட்டியபடி நின்றுபோன அந்தக் கை ஞாபகம் வந்தது. நகர ஆரம்பித்த பஸ்ஸோடு கூடவே நடந்தேன்.

"உங்கப்பா கையில எப்பவும் என்னம்மா இருக்கும்?"

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். உதடு சிரிக்கத்தான் முயன்றது.

"வேற என்னங்கண்ணா. என் கைதான்."